பெட்டிகள் முதலில் வந்தன, அண்ணன் பிறகு

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அண்ணன் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவருடைய பெட்டிகள் லாரியில் வந்து இறங்கிவிட்டன. 14 கறுப்பு டிரங்குப் பெட்டிகள். மூடியில் வெள்ளை பெயின்ட்டில் பெயர், ரேங்க், போக வேண்டிய ஊர். ஒவ்வொரு மாற்றலுக்கும் பழைய ஊரைக் கறுப்படித்து மறைத்துவிட்டுப் புது ஊரை எழுதியிருக்கிறார்கள். ஆனால் எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கிறது. விரலால் தடவினால் கீழே ஜோத்பூர் தெரிகிறது, அதற்கும் கீழே தேஜ்பூர். எல்லாவற்றுக்கும் மேலே இப்போதுதான் முதன்முறையாகக் கடலூர். திண்ணையில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

1993-ல் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் அகாடமியில் பயிற்சி முடித்துப் போனவர், 2024-ல் கர்னலாக ஓய்வு பெற்றார். கர்னலுக்கு ஓய்வு வயது 54. தமிழ்நாட்டு அரசு வேலையில் இருக்கும் எனக்கு 60 வரை இருக்கிறது. மகன் கல்லூரியில் படிக்கிறான், வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது, அப்போது போய் ஓய்வு. பென்ஷனில் பாதி வரை முன்கூட்டியே மொத்தத் தொகையாக வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கினால் 15 வருடத்துக்கு மாதப் பென்ஷன் அந்த அளவுக்குக் குறையும். கடனை அடைப்பதா, மாதப் பணம் முழுசாக வேண்டுமா என்று கணக்குப் போட்டே இரண்டு தீபாவளி போனது.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணியின் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. ராணுவப் பதிவில் அதற்கு 'எல்' போட்டிருக்கிறார்கள், ஆதாரில் 'இசட் எச்'. ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போதுதான் அண்ணன் கண்ணில் பட்டது. உடனே பார்ட் டூ ஆர்டர், அதாவது ராணுவப் பதிவில் குடும்ப விவரத்தை மாற்றும் உத்தரவு, போடவைத்துச் சரிசெய்தார். நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால் குடும்ப ஓய்வூதியம் அந்தப் பெயருக்குத்தானே வர வேண்டும்? நம் பக்கத்தில் இனிஷியலும் ழகரமும் இப்படித்தான் ஆளுக்கொரு மாதிரி எழுதப்படுகின்றன. வீட்டில் யாராவது படையில் இருந்தால், அவர் யூனிஃபார்மில் இருக்கும்போதே மனைவி, பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் எடுத்து வைத்து ஒத்துப் பாருங்கள். வெளியே வந்த பிறகு இதற்காக அலைவது பெரிய பாடு. எங்கள் தெருவிலேயே ஒரு சுபேதார் வீட்டம்மா இரண்டு வருடமாக அலைகிறார்கள்.

சரி, வீட்டுக்கு வந்த கதை. முதல் மாதம் முழுக்க நாலரை மணிக்கே எழுந்துவிடுவார். பஞ்சை நனைத்து ஷூவை வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். முகம் தெரிகிற மாதிரி ஆனதும் அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடப்பார். கேஸ் சிலிண்டர் எப்படி பதிவு செய்வது, ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது, எதுவும் அவருக்குத் தெரியாது. அதையெல்லாம் அண்ணிதான் இத்தனை வருடமும் பார்த்தார். இப்போது அண்ணி சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

ஒரு நாள் கொல்லையில் பலாக்கன்று வைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்கள் பலாமரத்தைப் பெயர்த்து ஓட்டு வீட்டின் மேல் போட்ட அதே இடம். அப்போது அண்ணன் அசாமில். நாலாம் நாள்தான் போன் கிடைத்தது. "அப்பா எங்க படுத்திருக்காரு?" என்று மட்டும் கேட்டார். அந்த இடத்தில் மண்வெட்டியோடு நின்றுகொண்டு, "ஊர் ஊரா வெள்ளத்துல போய் யார் யாரையோ தூக்கினேன்டா, அப்பாவுக்கு மட்டும் வர முடியல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினேன்.

அம்மாவுக்கு 83. தினமும் சாயந்திரம் அண்ணனைக் கேட்கிறார்: "எத்தினி நாளுப்பா லீவு?" இனிமேல் போக வேண்டியதில்லை என்று சொன்னால் தலையாட்டுகிறார். மறுநாள் பார்த்தால் பருப்புப்பொடியும் பண்ருட்டி முந்திரியும் பொட்டலம் கட்டி, பெட்டி மேல் வைத்திருக்கிறார்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் ஆயா, அப்பாவின் அம்மா, ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம் எங்களுடையது. அப்பா அதிகாரி இல்லை, அப்போது சிப்பாய்களுக்கு 15 வருடம் முடிந்தாலே பென்ஷன் உண்டு. 36 வயதில் வந்துவிட்டார். வந்து நாலைந்து வருடம் ஆன பிறகும் ஆயா, "கப்பல் எப்போ?" என்று கேட்பார்கள். அப்பா திருத்தவே மாட்டார். "இன்னும் நாள் இருக்கும்மா" என்பார். உங்கள் அண்ணனையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள். அம்மா அன்று நன்றாகத் தூங்குவார்கள்.

அப்பாவுக்கு இப்போது 79. நவம்பர் 11 அன்று பீச் ரோடு போர் நினைவுச்சின்னத்துக்கு மெடல் குத்திக்கொண்டு போவதை மட்டும் விடமாட்டார். உயிரோடு இருப்பதற்கான சான்றைப் பிரான்சுக்கு அனுப்பும் நேரம் வந்தால், முதல் நாளே சவரம் செய்துகொண்டு தயாராகிவிடுவார். போன தடவை கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. நான் தாளைப் பிடித்துக்கொண்டேன், கையைப் பிடிக்க விடவில்லை.