தாத்தாவின் இரும்புப் பெட்டி: குடும்பக் குழுவில் ஒரு சாயங்காலம்

குழு: தோ பாயோ (சிங்கப்பூர்) வீட்டுப் பிள்ளைங்க

பெரியப்பா: எல்லாருக்கும் வணக்கம். அப்பா வீட்டைக் காலி பண்ணிச் சாவியை மாசக் கடைசிக்குள்ள ஒப்படைக்கணும். கட்டில், அலமாரி எல்லாம் முடிஞ்சிருச்சு. ஸ்டோர் ரூம்ல அப்பாவோட இரும்புப் பெட்டிதான் பாக்கி. உள்ள பூரா பழைய பேப்பர். சனிக்கிழமை பழைய சாமான் எடுக்கிற கரங்குனிக்காரரை வரச் சொல்லியிருக்கேன். யாருக்கு என்ன வேணுமோ வெள்ளிக்குள்ள சொல்லிடுங்க.

அத்தை: பெரியண்ணே, அந்தப் பெட்டியை மட்டும் தொடாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

சித்தப்பா: அக்கா, யார் வீட்ல வைக்கிறது? என் வீட்ல நடக்கவே இடமில்ல.

நான்: பெரியப்பா, சாவி வாங்கிட்டுப் போனப்ப மேலாப்ல இருந்ததைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். போட்டோ போடுறேன்.

[4 படங்கள்]

நான்: ரெண்டாவது படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. விக்டோரியா தியேட்டர் நாடக நோட்டீஸ். மஞ்சள் தாள், மடிச்ச இடத்துல கிழியுது. கீழ டிக்கெட் விலை, நடிச்சவங்க பேரு, ஹார்மோனியம் யாரு, ஒப்பனை யாரு, எல்லாம் இருக்கு. ஓரத்துல தாத்தா பென்சில்ல எழுதியிருக்காங்க: "மழை. ஆனாலும் கூட்டம்."

அப்பா: அப்பா கையெழுத்துதான்.

அண்ணன் (பெர்த்): செண்டிமெண்ட் புரியுது. ஆனா பழைய தமிழ் முரசு எல்லாம் நூலகத்தோட இணையதளத்துல இருக்கே? தேதி போட்டா வருது. எதுக்கு இன்னொரு காப்பி?

நான்: சரியான கேள்வி அண்ணே. பத்திரிகைத் துண்டுகளைப் பத்தி எனக்கும் கவலையில்ல. 1935ல சாரங்கபாணி ஆரம்பிச்ச தமிழ் முரசு தேசிய நூலகத்துல இருக்கு, மின்வடிவமும் இருக்கு. புத்தகம்னா அதுக்குச் சட்டமே இருக்கு. சிங்கப்பூர்ல அச்சுல வர்ற ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிப்பாளர் 4 வாரத்துக்குள்ள 2 பிரதி தேசிய நூலகத்துல கொடுத்தாகணும். அதனால புத்தகம் தானா போய்ச் சேர்ந்துடும். நாடக நோட்டீஸை யார் கொண்டுபோய்க் கொடுத்திருப்பா? ஒரு ராத்திரி நாடகம், ஆடி முடிச்சதும் நோட்டீஸும் குப்பை. தாத்தா மாதிரி எடுத்து வச்சவங்க வீட்டுலதான் இப்ப அது இருக்கும். அந்த வீடுங்களையும் வரிசையாக் காலி பண்ணிட்டிருக்கோம்.

அத்தை: அதேதான் நானும் சொல்ல வந்தேன். தேசிய நூலகத்துக்குக் கொடுப்போம்.

பெரியப்பா: அவ்வளவு பெரிய இடத்துல நம்ம வீட்டுப் பேப்பரை யாரு மதிக்கப் போறா?

அத்தை: அந்த நூலகம் எப்படி வந்துச்சுன்னு தெரியுமாண்ணே? 1953ல லீ கொங் சியான் 3,75,000 வெள்ளி தர்றேன்னு சொன்னாரு. ரப்பர் வியாபாரம் பண்ண சீனர். பணத்தோட நிபந்தனையும் வச்சாரு: நூலகம் இலவசமா இருக்கணும், இந்த ஊர் மக்கள் பேசுற மொழிகள்ல உள்ள புத்தகமும் இருக்கணும். ஸ்டாம்ஃபர்ட் ரோட்டுல அந்தச் செங்கல் கட்டடம் 1960 நவம்பர்ல திறந்தப்ப நம்ம மொழிக்கு உள்ள ஒரு இடம் இருந்ததுன்னா அதுக்கு அவரும் காரணம். அப்பா ஞாயித்துக்கிழமை நம்மளை அங்கதானே கூட்டிட்டுப் போவாங்க. 2004ல சுரங்கச் சாலைக்காக இடிச்சப்ப எவ்வளவு மனசு கஷ்டப்பட்டாங்க! அடுத்த வருஷம் விக்டோரியா ஸ்திரீட் கட்டடம் திறந்ததும் முதல்ல போய்ப் பார்த்ததும் அவங்கதான். நம்மளை மதிக்கிறாங்களான்னு கேக்கவே வேணாம். அது நம்ம இடம்.

மாமா (திருவாரூர்): இங்க தமிழ்நாட்டுல, சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் புத்தகம் இதே மாதிரிதான் போகுது. 1896ல திறந்தது. 1954 சட்டப்படி இந்தியாவுல அச்சாகுற புத்தகம் அங்க ஒரு பிரதி போகணும். ஆனா எங்க ஊர் நாடகக் கொட்டகை நோட்டீஸ் ஒண்ணுகூட இன்னிக்கு யார்கிட்டயும் இல்ல. நீங்களாவது விட்டுடாதீங்க மாப்ள.

அண்ணன் (பெர்த்): கொடுத்தா என்ன பண்ணுவாங்க? குடோன்ல போட்டுப் பூட்டிட மாட்டாங்களா?

நான்: ஏப்ரல்ல தமிழ்மொழி விழா சமயத்துல நூலக நிகழ்ச்சிக்கு அத்தையோட போயிருந்தேன் அண்ணே. சிங்கப்பூர்ல 1872ல அச்சான முனாஜாத்துத் திரட்டைத் திரையில காட்டினாங்க. நாகூர்ப் புலவர் ஒருத்தர் பாடின இஸ்லாமிய பக்திப் பாட்டுத் தொகுப்பு. அப்புறம் சிங்கை நேசன், 1887 ஜூன் 27ல முதல் இதழ், மகுதூம் சாயபு நடத்தினது, 1890 வரைக்கும் வந்திருக்கு. 130 வருஷம் தாண்டின வாரப் பத்திரிகையை இன்னிக்குப் போன்லயே படிக்கலாம். ஒவ்வொண்ணையும் யாரோ தூக்கிப் போடாம வச்சிருந்ததாலதான் இது நடக்குது.

நான்: இன்னொண்ணு. 2015ல சிங்கப்பூருக்கு 50 வயசு ஆனப்ப, அருண் மகிழ்நன் தலைமையில தமிழ்ச் சமூகத்து ஆளுங்களே கூடி, தேசிய நூலக வாரியத்தோட சேர்ந்து, 1965லேர்ந்து 2015 வரைக்கும் வந்த தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவமாக்கினாங்க. சுமார் 350 புத்தகம். அதுக்கப்புறம் நாடகம், இசை, நடனத்துக்கும் அப்படித் தொகுப்பு வந்துச்சு. நாடகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு எது கிடைக்கிறது கஷ்டம்னு நினைக்கிறீங்க? நடிச்சவங்க பேர்தான். அது இந்த நோட்டீஸ்ல வரிசையா இருக்கு. நூலகம் ஆய்வாளர்களுக்கு நல்கையே, அதாவது உதவித்தொகையே கொடுத்து உட்கார வச்சு இந்த மாதிரிப் பொருளைப் படிக்கச் சொல்லுது. அவங்க எழுதுறது நூலகத்தோட பிப்லியோஏஷியா இதழ்ல வருது, அதையும் காசில்லாம படிக்கலாம்.

அண்ணன் (பெர்த்): ஓக்கே. நான் எதிர்க்கல. கொடுங்க.

அப்பா: எனக்கு ஒரு விஷயம். பெட்டிக்கு அடியில ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒண்ணு இருக்கும். அம்மா ஊர்லேர்ந்து அப்பாவுக்கு எழுதின கடிதம். அதை யார் கண்ணுலயும் பட வைக்கக் கூடாது.

அத்தை: சின்னண்ணே, அதைக் கொடுக்கச் சொல்லி நானும் சொல்ல மாட்டேன். அது வீட்டோட. நீங்களே வச்சுக்குங்க.

சித்தப்பா: அப்பா பேசின கேசட் ரெண்டு மூணு கிடந்துச்சே, அது?

நான்: சித்தப்பா, அது பத்திரம்! வெயில்படாம எடுத்து வைங்க, பிளேயர்ல போட்டுப் பார்க்காதீங்க, நாடா அறுந்துரும். தேசிய ஆவணக் காப்பகமும் 2012லேர்ந்து நூலக வாரியத்துக்குக் கீழதான் இருக்கு. 1979லேர்ந்து வாய்மொழி வரலாறு பதிவு பண்றவங்க அவங்க. கேசட்டை என்ன செய்யலாம்னு அவங்ககிட்டயே கேப்போம்.

பெரியப்பா: சரி, கரங்குனிக்காரருக்குப் போன் பண்ணி வேணாம்னுட்டேன். இப்ப என்ன செய்யணும், வரிசையாச் சொல்லு பாப்பா. அப்படியே டாக்ஸில தூக்கிட்டுப் போயிடலாமா?

நான்: தூக்கிட்டுப் போகக் கூடாது பெரியப்பா. முதல்ல போட்டோ எடுத்து, பட்டியல் போட்டு மின்னஞ்சல்ல அனுப்பணும். அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிறதையும் ரொம்பச் செல்லரிச்சதையும் வேணாம்னு சொல்லலாம், அதுக்கு யாரும் வருத்தப்படாதீங்க. எடுத்துக்கிறேன்னா நீங்க நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். தாத்தா எழுதின கதை ஏதாவது உள்ள இருந்தா அதோட காப்புரிமை உங்க எல்லாருக்கும் சேர்ந்தது.

பெரியப்பா: நான் போடுறேன்.

சித்தப்பா: நானும்.

நான்: அதுவரைக்கும் தயவுசெஞ்சு கிழிஞ்ச இடத்துல செலோடேப் ஒட்டாதீங்க. பசை ஊறிக் கறையாயிடும், தாளும் நொறுங்கும். லேமினேட்டும் வேணாம், பண்ணிட்டா பிரிக்கவே முடியாது. துருப்பிடிச்ச கிளிப்பைப் பிடிச்சு இழுக்காதீங்க, நான் வந்து எடுக்கிறேன். எந்தத் தாள் எதுக்கடியில இருந்துச்சோ அந்த வரிசை கலையவே கூடாது. தாத்தா வருஷவாரியா அடுக்கியிருக்காங்கன்னு தோணுது. தேதி போடாத நோட்டீஸுக்கு வருஷம் கண்டுபிடிக்க அந்த வரிசைதான் உதவும்.

அத்தை: நாலாவது படத்துல இருக்கிறது தமிழர் திருநாள் மேடைதானே? இடது ஓரத்துல அப்பா. பக்கத்துல மிருதங்கத்தோட உட்கார்ந்திருக்கிறவரை எனக்குத் தெரியும், பேருதான் தொண்டையில நிக்குது.

பெரியப்பா: அவரு ஹார்பர் போர்டுல வேலை பார்த்தவரு. அவர் மகன் நம்பர் என்கிட்ட இருக்கு. கேட்டுச் சொல்றேன். பின்னாடி நிக்கிற ரெண்டு பொம்பளைங்க யாருன்னும் கேக்குறேன்.

அத்தை: கேளுங்கண்ணே, இன்னிக்கே கேளுங்க. அவருக்கும் வயசாச்சு. பேர் இல்லாத போட்டோவை வச்சுக்கிட்டு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

அப்பா: சனிக்கிழமை 10 மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்துடுங்க. ஒரே நாள்ல பட்டியல் போட்டுடலாம்.

அண்ணன் (பெர்த்): நான் வீடியோ கால்ல வர்றேன். நீங்க வாசிங்க, நான் தட்டச்சு பண்றேன்.

சித்தப்பா: பெரிய மேசை எங்க வீட்லேர்ந்து கொண்டு வர்றேன். அக்கா, சாப்பாடு?

அத்தை: சாப்பாடு ஹால்ல வேணாம், பெட்டி பக்கத்துல ஒரு டீ கிளாஸ்கூட வரக் கூடாது. கீழ காப்பிக் கடையில பார்த்துக்கலாம். பேனா யாரும் கொண்டு வராதீங்க. பென்சில் நான் எடுத்துட்டு வர்றேன்.

பெரியப்பா: மிருதங்கக்காரர் மகன் எடுத்துட்டாரு. அவங்க வீட்லயும் ஒரு பெட்டி இருக்காம். சனிக்கிழமை அவரும் வரலாமான்னு கேக்குறாரு.

நான்: வரச் சொல்லுங்க பெரியப்பா!! பெட்டியையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.