புதுப்பிப்பு: பயிற்சிப் படகில் தேங்கிய தண்ணீர்

எங்கள் ராணுவப் பாய்மரக் கழகத்தின் பயிற்சிப் படகில், ஆழ்கடலுக்குப் போனாலே அடிப்பகுதியில் தண்ணீர் சேருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். "முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள்" என்றார் ஒருவர். பார்த்தேன், உப்பே இல்லை, அதாவது கடல்நீர் இல்லை! படகைத் தள்ளும் புரொப்பல்லரின் தண்டு நுழையும் இடத்தில் கடல்நீர் கசிகிறது என்று வீணாகச் சந்தேகித்திருக்கிறேன்.

குடிநீர்த் தொட்டிக்குள் காற்று போய்வர வைத்திருக்கும் காற்றுக்குழாய்தான் காரணம். படகு இடப்பக்கம் சாயும்போது குழாயின் வாய் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது; அது வழியே குடிநீர் அடிப்பகுதிக்கு வழிகிறது. துறையில் நிமிர்ந்து நிற்கிற படகில் இது எப்படித் தெரியும்? சரி, குழாயை உயரத் தூக்கி, படகின் நடுக்கோட்டுக்கு அருகே கட்டினோம்.

அப்புறம் புதியவர்களோடு, 4 மணி நேர முறைக்காவல் (ஆள் மாற்றி ஆள் படகைக் கவனிப்பது) வைத்து ஓர் இரவு முழுக்க ஓட்டினோம். அடிப்பகுதி காய்ந்தே கிடந்தது. பம்பு அடித்துப் பழகிய பசங்களுக்குத்தான் வேலை போச்சு.