பூசைக்குள்ள கைதட்டலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். போன ஞாயிறு எங்கட பங்குக் கோயிலில முதல் நன்மைப் பூசை, பிள்ளையள் முதன்முதலா நற்கருணை அப்பம் வாங்கிற திருப்பலி. நற்கருணை குடுத்து முடிய பாடகர் குழாம் ஒரு பாட்டுப் படிச்சுது. கீபோட் ஓய முதலே பின் வாங்கிலிலயிருந்து கைதட்டல், பிறகு முழுக் கோயிலும். பக்கத்தில அம்மம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, செபமாலையை இறுக்கிப் பிடிச்சபடி, "இதென்ன, கலைவிழாவோ?" எண்டு முணுமுணுத்தா. நானும் தட்டினனான் எண்டது வேற கதை.

வீட்டை வந்தும் வாக்குவாதம் ஓயேல்ல. பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ற்) முந்தி கர்தினாலாய் இருக்கேக்க, 2000ஆம் ஆண்டில, மனுசற்ற திறமைக்கு வழிபாட்டில கைதட்டினா வழிபாட்டின்ர சாரமே அங்க இல்லாமல் போச்சுது எண்ட கருத்தில எழுதினவர். அம்மம்மாவுக்கு அது நல்ல பலம். ஆனா குருப்பட்டத் திருப்பலியில, குருவாகப்போறவரை ஆயர் தெரிவுசெய்யேக்க, சனம் "இறைவனுக்கு நன்றி" எண்டு சொல்லலாம், இல்லாட்டி ஊர் வழக்கப்படி வேற விதமாயும் சம்மதம் காட்டலாம் எண்டு சடங்குமுறையிலயே இருக்கு. கன இடங்களில அது கைதட்டல்தான். 2005இல பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின்ர (ஜோன் போல்) அடக்கத் திருப்பலியிலயும் சனம் தட்டினது.

கொழும்புத்துறைக் குருமடத்தில படிச்ச ஆக்கள், குழாம் நடத்திற ஆக்கள் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ: கடைசி ஆசீருக்குப் பிறகு தட்டினால் பிழையில்லையோ? உங்கட பங்கில இதை ஆர், எப்பிடிச் சொல்லி நிப்பாட்டினவை? சின்னப் பிள்ளையளின்ர முகம் வாடாமல் சொல்லவேணும். திருவிழாவும் கிட்டுது.