மாசெட்டர் (தாடையின் மெல்லும் தசை) வீக்கம்: எஃப்என்ஏசியில் (ஊசியால் உறிஞ்சிச் செல்களைப் பார்க்கும் சோதனை) வெறும் ரத்தம்தான் வருகிறது, பயாப்ஸி எடுக்கலாமா?

இஎன்டி_பிஜி:
22 வயதுப் பெண். இடது கன்னத்தில் மெல்ல வளரும் வீக்கம், வலி கிடையாது. பல்லைக் கடித்தால் கெட்டிப்பட்டு அசையாமல் நிற்கிறது. துடிப்பு இல்லை, தோல் நிறமும் மாறவில்லை. பரோடிட் (காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) கட்டி என்று எஃப்என்ஏசி போட்டால் வெறும் ரத்தம். அடுத்து பயாப்ஸியா?

ரேடியாலஜி_மேசை:
கத்தி வைக்காதீர்கள் டாக்டர், ரத்தக்கசிவை அடக்குவது சிரமம். தசைக்குள் இருக்கும் ரத்தநாளக் கட்டியாகத்தான் தெரிகிறது. தலை, கழுத்தில் இது அதிகம் வருவது மாசெட்டரில்தான். முதலில் நோயாளியைக் குனிந்து தலையைத் தாழ்த்தச் சொல்லுங்கள். வீக்கம் பருத்து, நிமிர்ந்ததும் வடிந்தால் சிரை வகை என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். பருக்கவில்லை என்பதற்காக இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம்.

டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) ஓட்டமே தெரியாமல் போகலாம். அழுத்தி விடுவித்துப் பாருங்கள், மூச்சை அடக்கி முக்கச் சொல்லியும் பாருங்கள். அடுத்தது எம்ஆர்ஐ: கொழுப்பை அடக்கிய டி2 படத்தில் பளிச்சென்ற வெள்ளையாக, கொத்துக்கொத்தாகத் தெரியும். நடுவே உருண்டையான கரும்புள்ளிகள் இருந்தால் ஃபிளெபோலித்தா (சிரைக்குள் உறைந்த ரத்தம் சுண்ணாம்பாகிய கல்) என்று சிடியில் பாருங்கள். வளையம் வளையமாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். இதை உமிழ்நீர்க் கல் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. உமிழ்நீர்க் கல் உமிழ்நீர்க் குழாயின் பாதையில் இருக்கும், பெரும்பாலும் நீண்ட வடிவம்.

இஎன்டி_பிஜி:
நன்றி சார். ப்ரோப்ரனலால் கொடுத்துப் பார்க்கலாமா?

தலைகழுத்து_சர்ஜன்:
பலன் இருக்காது. அது கேட்பது கைக்குழந்தைகளுக்கு வரும் ஹீமாஞ்சியோமா என்ற ரத்தநாளக் கட்டிக்கு. பெரியவர்களின் தசைக்குள் வருவது வேறு நோய். பழைய ரிப்போர்ட்டுகளில் 'கேவர்னஸ் ஹீமாஞ்சியோமா' என்று வருபவற்றில் பல, ஐஎஸ்எஸ்விஏ (ரத்தநாளக் குறைபாடுகளுக்கான சர்வதேசச் சங்கம்) வகைப்பாட்டின்படி சிரைக் குறைபாடுகள்தான்.

சிறியது, தொந்தரவில்லை என்றால் கண்காணித்தாலே போதும். சிரை வகைக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்து ஸ்கிளிரோதெரபி (ஊசியில் மருந்தேற்றி நாளத்தைச் சுருக்கி அடைப்பது). சோடியம் டெட்ராடெசில் நுரைக்கு மருந்து 1 பங்கு, காற்று 4 பங்கு. த்ரீவே (மூவழிக் குழாய்) இணைத்த இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே மாற்றி மாற்றித் தள்ளி, நுரை உடையுமுன் ஏற்ற வேண்டும். முகநரம்பை ஒட்டிய இடத்தில் ஆல்கஹால் வேண்டாம், நரம்பு செத்துவிடும். பிளியோமைசின் போட்டால் அன்று தோலில் பிளாஸ்திரி ஒட்டாதீர்கள், ஒட்டிய இடம் கறுத்துவிடும்.

அறுவைக்குப் போனால் பரோடிட் வெட்டு, நரம்பு மானிட்டர், சுற்றிலும் நல்ல தசையையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பது. தசை நார்களுக்கிடையே விட்டதுதான் திரும்ப வளரும். பெரிய கட்டியென்றால் முன்னதாக டி-டைமர், ஃபைப்ரினோஜன் (ரத்த உறைவைக் காட்டும் சோதனைகள்) பார்த்துவிடுங்கள்.