பெற்றோர் பணம் தராதபோது எந்தப் பல்கலைக்கழகம்? சிலரின் அனுபவங்கள்

வேதியியல் மாணவி:

எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம், விடுதியில் தங்க வேண்டும். இன்னொன்று வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய அரசுப் பல்கலைக்கழகம். "படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பணம் மட்டும் எங்களிடம் கேட்காதே" என்று அப்பாவும் அம்மாவும் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் வருமானம் இருந்ததுதான் பெரிய சிக்கல். உதவித்தொகை விண்ணப்பங்கள் எல்லாம் குடும்ப வருமானத்தைக் கேட்டன. அதில் எனக்கு எவ்வளவு வரும் என்று எந்த விண்ணப்பமும் கேட்கவில்லை. இந்த நிலையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்.

முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிடாமல், பட்டம் கைக்கு வரும்வரை ஆகும் மொத்தச் செலவை இரண்டுக்கும் எழுதினேன். தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, விடுமுறையில் விடுதியை மூடினால் எங்கே தங்குவது என்பதுவரை. தனியார் பல்கலைக்கழகம் பாதிக் கட்டணச் சலுகை தருவதாகச் சொல்லியிருந்தது. கடிதத்தை முழுவதும் படித்தபோதுதான் நிபந்தனை தெரிந்தது: மதிப்பெண் சராசரி ஓர் அளவுக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு சலுகை கிடையாது. அங்கே படிக்கும் சீனியர்களிடம் விசாரித்தேன். எங்கள் துறையில் முதல் ஆண்டிலேயே பலர் அதை இழந்துவிடுகிறார்கள் என்றார்கள். பாதியில் சலுகை நின்றால் மீதியைக் கட்ட எனக்கு யாரும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். மற்ற இடத்தின் ஆய்வகங்களை நினைத்தால் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் அடுத்த பருவத்துக்குக் கட்ட முடியுமா என்ற பயம் இல்லாமல் படிக்கிறேன், அது பெரிய விஷயம்.

கடன் வாங்கிப் படித்தவன்:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பெற்றோர் "உதவ மாட்டோம்" என்றால் எதற்கு மறுக்கிறார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பணம் தர மறுப்பது வேறு. கடனில் கையெழுத்துப் போட மறுப்பது வேறு. வருமானச் சான்றைத் தர மறுப்பது இன்னொன்று. என் அப்பா ஒரு பைசா தர மாட்டேன் என்றவர், சான்றையும் கையெழுத்தையும் கேட்ட அன்றே தந்தார். கடன் கிடைக்கும் என்று தெரிந்ததால்தான் நான் படித்த பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

இது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 7.5 லட்சம் ரூபாய்வரை சொத்துப் பிணை இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும் என்றாலும், பொதுவாகப் பெற்றோர் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கி கேட்கும். அமெரிக்காவில் 24 வயதுக்குக் கீழே உள்ள, திருமணமாகாத பெரும்பாலான இளநிலை மாணவர்களுக்கு, அரசு உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தில் பெற்றோர் விவரம் வேண்டும். பெற்றோர் பணம் தர மறுக்கிறார்கள் என்பதற்காக மட்டும் விதிவிலக்கு கிடைக்காது. இங்கிலாந்தில் கட்டணக் கடன் குடும்ப வருமானத்தைப் பார்ப்பதில்லை, வாழ்க்கைச் செலவுக் கடன் பார்க்கும். ஆகவே எந்த நாட்டில் படிக்கப் போகிறீர்களோ அங்குள்ள விதியை முதலில் படியுங்கள்.

வட்டியையும் போட்டுப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் 25 ரூபாய் என்று நான்கு ஆண்டுகளில் 100 ரூபாய் கடன் வாங்குகிறீர்கள், 10 சதவீதத் தனிவட்டி என்று வையுங்கள். படிப்பு முடியும்போது 125. அப்புறம் ஓராண்டு அவகாசம் என்றால், முதல் தவணை கட்டும் முன்பே 135. படிக்கும்போதும் அந்த அவகாச ஆண்டிலும் வட்டியை மட்டுமாவது கட்ட முடிந்தால் அந்த 35 சேராது. நான் பகுதிநேர வேலையில் வந்ததை அதற்குத்தான் கொடுத்தேன்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவள்:

வேலை பார்த்துச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் சேரும் முன் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு இரண்டு பல்கலைக்கழகங்களிலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் பிற்பகல் முழுக்கச் செய்முறை வகுப்பு, மற்றதில் மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். அதை வைத்தே முடிவெடுத்தேன்.

தம்பிக்காக அலைந்த அக்கா:

எங்கள் வீட்டில் அப்பா மறுத்ததற்குக் காரணம் பணம் இல்லை, பாடம் பிடிக்கவில்லை. அவரை மாற்ற முயன்றோம், முடியவில்லை. சரி, வீட்டில் தங்கிப் படிக்கலாமா என்று கேட்டோம். "தாராளமாக இருக்கட்டும்" என்றார். வாடகையும் சாப்பாடும் கணக்கிலிருந்து போனதும் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் எட்டும் தூரத்துக்கு வந்தது.

தம்பி விரும்பிய மற்ற பல்கலைக்கழகத்துக்கும் விடாமல் எழுதினோம். வேறு இடத்தின் சலுகைக் கடிதத்தை இணைத்து, பெற்றோர் பணம் தரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லி, மறுபரிசீலனை கேட்டோம். கொஞ்சம் கூட்டித் தந்தார்கள், ஆனாலும் போதவில்லை. ஓராண்டு தள்ளிச் சேர்ந்தால் அந்தச் சலுகை அப்படியே கிடைக்குமா என்று கேட்டதற்கு, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது. இடத்தை உறுதிசெய்யக் கட்டும் முன்பணம் திரும்பக் கிடைக்காது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நல்லவேளை, அதைக் கட்டும் முன்பே கேட்டிருந்தோம்.