காஸ்ட்கோவில் ஒமேகா கடிகாரம்: அசல்தானா?

கேள்வி: அமெரிக்காவில் அரிசி, டயர் விற்கும் காஸ்ட்கோவிலேயே வைர மோதிரம், சுவிஸ் கடிகாரம் எல்லாம் வைத்திருக்கிறார்களே, எப்படிக் கட்டுப்படியாகிறது?

பதில் 1: சரக்கு அசல், வந்த வழிதான் வேறு. சுவிஸ் கம்பெனியான ஒமேகா வெளிநாட்டு முகவர்களுக்கு விற்ற ‘சீமாஸ்டர்’ மாடல் கடிகாரங்கள் கைமாறிக் காஸ்ட்கோவுக்கு வந்தன. அப்போது கம்பெனி விலை 1,995 டாலர், காஸ்ட்கோ விலை 1,299. இந்த விற்பனையைத் தடுக்க, பின்மூடியில் பொறித்த குட்டி உலக உருண்டைச் சின்னத்துக்குப் பதிப்புரிமை கோரி ஒமேகா வழக்குப் போட்டது (கெட்டிக்காரத்தனம்தான்!). 2010இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-4 எனப் பிரிந்ததால் ஒமேகாவுக்குச் சாதகமான முந்தைய தீர்ப்பே நின்றது. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. 2015இல் மேல்முறையீட்டில் காஸ்ட்கோ ஜெயித்தது.

பதில் 2: லாப வரம்பையும் சேர்த்துக்குங்க. பிராண்டு சரக்கில் சுமார் 14 சதவீதத்துக்கு மேல் வைப்பதில்லை. சம்பாத்தியம், அங்கே வாங்க உறுப்பினர்கள் கட்டும் ஆண்டுச் சந்தாவில். சந்தா கட்டுபவர்களில் வசதியானவர்கள் நிறைய, அதனால் விலையுயர்ந்த சரக்கும் நகரும்.

பதில் 3: இப்படிச் சுற்றி வந்த கடிகாரம் எந்தக் கடையில் வாங்கினாலும் உத்தரவாத அட்டையைப் பாருங்க. அங்கீகரித்த முகவரின் முத்திரையும் தேதியும் இல்லையென்றால் கம்பெனி இலவசமாகப் பழுது பார்க்காது. கடை தரும் உத்தரவாதம்தான். கடிகாரத்தில் உள்ள வரிசை எண் அட்டையோடு ஒத்துப்போகணும். எண்ணைச் சுரண்டியிருந்தால் வாங்காதீங்க, சர்வீசுக்கே சிக்கல். காஸ்ட்கோவில் தங்கக் கட்டி வாங்கினால் இன்னும் உஷார்: அதைத் திரும்ப எடுக்க மாட்டார்கள்.