போனில் 6 டிகிரி, தேயிலை மேல் உறைபனி: எதை நம்புவது?

எமரால்டு புதியவன்:
நீலகிரியில் எமரால்டு பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலையைக் குத்தகைக்கு எடுத்து இது இரண்டாவது வருடம். சொந்த ஊர் திண்டுக்கல், மலைக்குளிர் பழக்கமில்லை. போன கார்த்திகைக் கடைசியில் நாலு நாள் விடாத தூறல். ஐந்தாம் நாள் சாயங்காலம் வானம் வெளுத்தது. அப்பாடா என்று சீக்கிரமே படுத்துவிட்டேன். இரவுக் குளிர் 6 டிகிரி என்றுதான் போன் காட்டியது. விடிந்து பார்த்தால் பள்ளத்து ஓரமெல்லாம் உப்புத் தூவியது போல் இருந்தது. புல்லை மிதித்தால் நொறுங்கியது. பதினோரு மணிக்குக் கொழுந்து வெந்த கீரையாகத் துவண்டது, இரண்டே நாளில் காப்பித்தூள் நிறம். மேட்டுச் செடிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. 6 டிகிரியில் எப்படி உறையும்? இந்த வருடமும் மழை ஓயும் நேரம் வந்துவிட்டது. வழி சொல்லுங்கள்.

இத்தலார் கவாத்துக்காரன்:
தம்பி, படிக்கும்போதே மனம் கனத்தது. முப்பது வருடமாக இந்தச் சரிவில்தான் நானும் கொழுந்து பறிக்கிறேன்.

வானிலை நிலையத்தில் வெப்பமானி சுமார் நாலடி உயரத்தில், காற்றுப் புகும் பெட்டிக்குள் இருக்கும். போன் சொல்வதும் அந்த உயரத்துக் காற்றின் கணக்குதான், அதுவும் வட்டாரம் முழுவதற்கும் பொதுவாக. மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல்லும் இலையும் தங்கள் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும். அந்தக் காற்றைவிடப் பல டிகிரி கீழே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். உங்கள் மேடு தப்பியது அதனால்தான்.

ஐப்பசி, கார்த்திகை கூதிர், அதாவது குளிர்ந்த மழைக்காலம். மார்கழி, தை முன்பனி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இங்கே சில வருடம் ஒரே ராத்திரியில் ஒன்று போய் மற்றது வந்து நிற்கும். தூறல் இருக்கும்வரை பயமில்லை, மேகம் கம்பளி போல் மூடியிருக்கும். மழை விட்டு, வானம் துடைத்தாற்போல் ஆகி, வீட்டு அடுப்புப் புகை ஆடாமல் நேரே ஏறுகிறதே, அந்தச் சாயங்காலம்தான் படுக்கக் கூடாத சாயங்காலம்.

ஒரு கேள்வி: பள்ளத்தின் கீழ்க்கடைசியில் வேலி ஏதும் இருக்கிறதா?

எமரால்டு புதியவன்:
இருக்கிறது ஐயா. மாடு புகாமல் இருக்க நெருக்கமாகப் புதர் வேலி வைத்தேன். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று அந்தப் பகுதியில் செடிகளுக்கு அடியில் காய்ந்த புல்லும் பரப்பியிருக்கிறேன்.

கேத்திக்காரி:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். வேலியை எடுக்கச் சொன்னால் எடுங்கள், ஆனால் மண்கரையில் மண்வெட்டி வைக்காதீர்கள் அண்ணா. 2009 நவம்பரில் எங்கள் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டி விட்டிருந்த கரை சமையலறைச் சுவர் வரை இறங்கியது. ஈரத்தில் ஊறிய மண் இன்னொரு மழையைத் தாங்காது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை உண்டு. நாலு நாள் வெயிலைப் பார்த்து முடிந்தது என்று நினைக்காதீர்கள். வடிகாலில் அடைத்த சருகை மட்டும் வாரிவிடுங்கள்.

இத்தலார் கவாத்துக்காரன்:
தங்கை சொல்வது நூற்றுக்கு நூறு. மண்ணைத் தொட வேண்டாம்.

அந்த வேலி குளத்துக்குக் கரை கட்டியது போல. மேலிருந்து இறங்கும் குளிர் அங்கே முட்டி, செடி உயரத்துக்கு நிரம்பி நிற்கிறது. கீழ்க்கடைசியில் இரண்டு ஆள் அகலத்துக்கு வெட்டி வழிவிடுங்கள். மாட்டுக்குக் கம்பி கட்டிக்கொள்ளலாம். அடியில் பரப்பிய புல்லையும் இப்போதைக்கு வாரி ஓரம் கட்டுங்கள். பகலில் ஈரமண் வாங்கிய சூடு ராத்திரி மேலே வந்து செடியைக் காக்க வேண்டும். நடுவில் புல் கிடந்தால் வராது. அதே புல்லை இளஞ்செடிகளின் தலைமேல் போடுங்கள், அங்கேதான் அது உதவும்.

தெளிப்பான் இருந்தால் வெயில் விழுமுன் திறந்து, பனி முழுவதும் கரையும்வரை விடுங்கள். பாதியில் நிறுத்தினால் கேடு கூடும். உறைந்த இலையில் சுள்ளென்று வெயில் விழுவதுதான் பெரிய அடி. கிழக்குப் பார்த்த சரிவு அதிகம் கருகுவது அதனால். கருகினாலும் உடனே கிளையை வெட்டக் கவாத்துக் கத்தியை எடுக்காதீர்கள். காய்ந்த இலையே கீழிருக்கும் மொட்டுக்குப் போர்வை. தை போகட்டும். சில்வர் ஓக் மரக்கன்று பத்தாவது நட்டுவையுங்கள், அதன் நிழலில் உறைபனி குறைவாகத்தான் விழும்.

எமரால்டு புதியவன்:
ஐயா, மத்தியானமே வேலியைத் திறந்துவிட்டேன். புல்லைச் செடிகள் மேல் போட்டுக்கொண்டிருக்கிறோம், மனைவியும் கூட நிற்கிறாள். காலையிலிருந்து தூறல் இல்லை. மேற்கே மேகம் கலைகிறது.

இத்தலார் கவாத்துக்காரன்:
ஏழு மணிக்கு வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தால் இங்கே ஒரு வரி எழுதுங்கள். நாலரைக்கு நானே போன் செய்து எழுப்புகிறேன். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.